ஸ்பினலா, உருமாறிய கார்னெட்டா? நுண்ணோக்கிப் பழக்கம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். தீப்பாறையியல் படிக்கிறேன். பசால்ட் குழம்பு மேலே வரும்போது பெயர்த்துக்கொண்டு வந்த புவிக்கவசத் துண்டு ஒன்றை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். புவிக்கவசத்தில் மிகுந்திருக்கும் பெரிடோடைட் பாறைதான். அதிலுள்ள ஒலிவின் கனிமத்தில் சந்தேகம் இல்லை: தெளிவான பிளவு கிடையாது, வளைந்த வெடிப்புகள், முனைவுற்ற ஒளியில் பளிச்சென்ற நிறங்கள். பைராக்சீன் கனிமம் இரண்டு வகையும் இருக்கிறது.

குழப்பமெல்லாம் பழுப்பு ஸ்பினல் கனிமத்தில்தான். சில இடங்களில் அது தனி மணியாக இல்லை. பைராக்சீனோடு புழு நெளிந்த மாதிரி பின்னிக் கிடக்கிறது. அழுத்தம் குறையும்போது, ஆழத்தில் நிலைக்கும் கார்னெட் கனிமமும் ஒலிவினும் வினைபுரிந்தால் பைராக்சீன்களும் ஸ்பினலும் உண்டாகும். அப்படியானால் இந்தத் துண்டு ஒருகாலத்தில் கார்னெட் நிலைக்கும் ஆழத்தில் இருந்திருக்க வேண்டும். ஸ்பினல் போய்க் கார்னெட் நிலைக்கத் தொடங்கும் எல்லை, வெப்பத்தையும் வேதியியலையும் பொறுத்து, ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீட்டர். ஆனால் அலுமினியம் மிகுந்த பைராக்சீன் ஆறும்போதும் ஸ்பினல் பிரியுமே!

கார்னெட்டிலிருந்து வந்த ஸ்பினலா, பைராக்சீனிலிருந்து பிரிந்ததா என்று வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? கார்னெட் கன அருமண் தனிமங்களை (இட்டெர்பியம், லுட்டீசியம் போன்றவை) இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், பைராக்சீனில் அவற்றை அளந்தால் தடயம் கிடைக்குமா? அளக்கும் முன் எந்த மணிகளைத் தேர்ந்தெடுப்பது என்றும் சொல்லுங்கள். படங்கள் வேண்டுமென்றால் உடனே போடுகிறேன்.