டிராகுலாவில் வென்றது ஊசியா, பூண்டா?

பழைய அலமாரி:
பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) மூடநம்பிக்கையை அறிவியல் வென்ற கதை என்று நேற்று கண்ணாடிக்குடுவை எழுதியதைப் படித்ததும் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது. டிராகுலா பிரபு என்ற இரத்தக்காட்டேரியிடம் இரத்தத்தை இழந்த லூசிக்கு ஆர்தர், மருத்துவர்களான செவார்ட், வான் ஹெல்சிங், பிறகு குவின்சி என நான்கு ஆண்களின் இரத்தம் ஏற்றப்படுகிறது. ஒருவருடைய இரத்த வகையைக்கூட எவரும் பார்க்கவில்லை. இதற்குப் பெயர் அறிவியலா?

கண்ணாடிக்குடுவை:
மருத்துவ ஆய்வாளர் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை விளக்கிக் கட்டுரை வெளியிட்டது 1901இல். 1897இல் வந்த நாவலின் மருத்துவரிடம் அதை எதிர்பார்ப்பது, தாத்தாவின் கல்யாணத்துக்கு வீடியோ எங்கே என்று கேட்பதைப் போன்றது. செவார்ட் தம் நாட்குறிப்பை ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிகிறார், நாயகி மினா அதைத் தட்டச்சு செய்கிறார், வான் ஹெல்சிங் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோவின் மனவசிய ஆய்வைப் பேசுகிறார். இவையெல்லாம் தங்கள் கண்ணில் படவில்லையா?

பழைய அலமாரி:
இரத்தத்தைக் கேட்டால் தட்டச்சுப்பொறியைக் காட்டுகிறீர்கள். நான்கு முறை ஏற்றியும் லூசி பிழைக்கவில்லை. காட்டேரியை விரட்ட நெதர்லாந்தின் ஹார்லெமிலிருந்து வரவழைத்த பூண்டுப் பூக்களைச் சன்னல் சட்டமெங்கும் தேய்த்து, மாலையாகவும் கட்டி லூசியின் கழுத்தில் போடுகிறாரே வான் ஹெல்சிங், அன்று இரவு நடந்ததைச் சொல்லுங்கள். நாற்றம் தாங்காமல் தாயார் பூக்களை அகற்றிச் சன்னலையும் சற்றே திறந்துவைக்கிறார். விடிந்து பார்த்தால் பெண் வெளுத்துக் கிடக்கிறாள், மூன்றாவது முறை இரத்தம் ஏற்ற வேண்டியதாகிறது. காத்தது பூண்டு. ஊசி பின்னால் ஓடி வந்தது.

நள்ளிரவு வாசகர்:
எப்படியும் கடைசியில் வெயில் பட்டுத்தானே பிரபு சாகிறார்?

பழைய அலமாரி:
நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். அதில் அவர் லண்டனின் பிக்காடிலியில் பகலிலேயே நடமாடுகிறார். வெயில் கொல்லும் என்பது 1922இல் 'நாஸ்ஃபெராட்டு' திரைப்படம் செய்த வேலை.

நள்ளிரவு வாசகர்:
அப்படியானால் மார்பில் முளை அடித்தது?

பழைய அலமாரி:
அது இறந்தபின் காட்டேரியான லூசிக்கு. பிரபுவை முடித்தவை மினாவின் கணவர் ஜோனதனின் குக்ரிக் கத்தியும் குவின்சியின் போவி கத்தியும்.

கண்ணாடிக்குடுவை:
இவ்வளவு துல்லியம் பேசும் இதே அன்பர்தான் 'டிராகுலா'வைப் பார்த்து 'கார்மில்லா' என்ற காட்டேரிக் கதை எழுதப்பட்டது என்று சென்ற மாதம் மூன்று நாள் சாதித்தார். அது வந்தது 1872இல். போகட்டும். பூண்டு இருக்கும்போது ஒரு விளைவு, எடுத்ததும் வேறொரு விளைவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அதுதானே சோதனை? தாங்கள் என் கட்சிக்கே வாதாடியிருக்கிறீர்கள்.

பழைய அலமாரி:
'கார்மில்லா' விஷயத்தில் நான் எழுதிய வாக்கியத்தைத் தாங்கள் பாதியில் வெட்டி ஒட்டினீர்கள்; அதை இன்னும் மறக்கவில்லை. லூசியின் கல்லறைக் கதவின் இடுக்குகளில் கிறிஸ்தவ வழிபாட்டின் நற்கருணை அப்பத்தைப் பிசைந்து அடைக்கிறாரே வான் ஹெல்சிங், அதையும் சோதனை என்பீர்களா? நான் கேட்டது ஒன்றுதான். நான்கு ஆண்கள், ஒரு பெண், வகை பார்க்காத இரத்தம்.

கண்ணாடிக்குடுவை:
1901 என்று ஒரு முறை சொல்லிவிட்டேன்.

பழைய அலமாரி:
நான்கு பேர் என்று நானும் சொல்லிவிட்டேன்.