புதுப்பிப்பு: .30-30 கேஸில் விழுந்த வளையத்துக்குக் காரணம் கிடைத்தது

என் வின்செஸ்டர் 94 லீவர் ரைஃபிளில் .30-30 தோட்டாவைச் சுட்டு, மறுபடி நிரப்பும் பித்தளைக் கேஸ்களில் (தோட்டாவின் வெளிக்கூடு), அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் விழுவது ஏன் என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

1895-இல் வந்த இந்தத் தோட்டா சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா அமரும் அறை) ரிம்மை, அதாவது அடி விளிம்பைப் பிடித்தே நிற்கும். தோளுக்கு (கேஸ் கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) முன்னால் தாராளமாக இடம் உண்டு. சுடும்போது கேஸ் நீண்டு அதை நிரப்புகிறது. சைசிங் டையை (கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் பாகம்) முட்டும்வரை இறக்கினால் தோள் பின்னுக்குப் போகும். அடுத்த முறை மறுபடி நீளும். ஒவ்வொரு நீட்சியிலும் அடிச்சுவர் மெலிகிறது; அந்த வளையம் அதன் அடையாளம்தான். கடைசியில் கேஸ் இரண்டாகப் பிரியும், அதுதான் ஆபத்து.

இப்போது டையைக் கொஞ்சம் ஏற்றி, தோளை 0.002 அங்குலம் மட்டுமே தள்ளுகிறேன். லீவர் இலகுவாக மூடுகிறது, புதிய வளையம் இல்லை. முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவி, பள்ளம் தட்டுப்பட்ட பழைய கேஸ்களை நசுக்கிப் போட்டுவிட்டேன். மிச்சமெல்லாம் இந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான்.

கூர்முனைப் புல்லட் பற்றிக் கேட்ட நண்பருக்கு: தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும் குழாய் மேகசினில் உலோகக் கூர்முனை வேண்டவே வேண்டாம். அது முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியிலுள்ள தீமூட்டி) அழுத்தும்; சுடும் அதிர்ச்சியில் அந்தத் தோட்டா வெடிக்கலாம். தட்டை முனையே போடுங்கள். கிரிம்ப்பையும் (கேஸ் வாயைப் புல்லட்டின் மேல் இறுக்குவது) விடாதீர்கள், இல்லாவிட்டால் மேகசின் ஸ்பிரிங் புல்லட்டை உள்ளே தள்ளிவிடும்.