கேட்ச்-22 முதல் தடவை படிக்கிறேன், 8-ஆம் அத்தியாயத்தில் நிக்குது

கேஆர்பி கரை:
ஜோசப் ஹெல்லரோட கேட்ச்-22 நாவல் (1961). கிருஷ்ணகிரி - ஓசூர் பஸ்லதான் படிக்க நேரம். இத்தாலியில போர் நடக்குதுன்னு பாத்தா, 8-ல திடீர்னு அமெரிக்கப் பயிற்சி முகாம். எது முன்ன, எது பின்னன்னே பிடிபடல. குறிப்பு எழுதணுமா? இல்ல கதைச்சுருக்கம் பாத்துட்டு வரட்டுமா?

அதியமான்கோட்டை:
சுருக்கம் வேண்டாங்க. தேதியையும் தேடாதீங்க, மிஷன் (குண்டு போடப் பறக்கிற தடவை) எண்ணிக்கையைப் பிடிங்க. வீடு திரும்ப இத்தனை தடவை பறக்கணும்ங்கிற கணக்கை கர்னல் காத்கார்ட் ஏத்திக்கிட்டே போவார். 2-ஆம் அத்தியாயம் முடியறப்ப அது 50. கதாநாயகன் யோசாரியன் முடிச்சது 44தான். 30, 40ன்னு வந்தா அதுக்கு முந்தின கதை, 55, 60ன்னா பிந்தினது. கடைசி வெத்துத்தாள்ல அத்தியாய எண்ணும் மிஷன் எண்ணும் பென்சில்ல குறிச்சா போதும். உங்க 8 இத்தாலிக்குப் போறதுக்கும் முந்தினது. அப்புறம், தலைப்புல ஒருத்தர் பேர் இருந்தா அத்தியாயம் முழுக்க அவர் கதைன்னு நம்பாதீங்க.

தொப்பூர் கணவாய்:
ஹெல்லர் சொன்னதையே சொல்றாரேன்னு தாண்டிடாதீங்க. ஸ்னோடன்ங்கிற விமானப்படை வீரனோட பேர் 4-லயே வந்துடும். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கூடும், முழுசா விளங்கறது 41-ல. சுருக்கம் எழுதறவங்க இதைத்தான் முதல்ல போட்டு உடைப்பாங்க.

தலைப்புல இருக்கிற கேட்ச்-22ங்கிற விதி 5-ல வருது. பைத்தியம்னா பறக்க வேண்டாம், ஆனா அவனே வந்து கேக்கணும்; கேட்டுட்டா புத்தி தெளிவுன்னு அர்த்தம், போய்ப் பற! அதோட முடியல. 6-ல, மேலிடம் கேக்கறது 40 மிஷன்தான்னு தெரியவரும், ஆனா கமாண்டர் சொல்ல மீறக்கூடாதுன்னு இன்னொரு முடிச்சு. படிக்கிறவங்க கோட்டை விடறது இங்கதான்.

மண்டி கணக்கு:
22-ஆம் அத்தியாயத்துல, படையோட மெஸ் (சாப்பாட்டுக்கூடம்) அதிகாரி மைலோவோட முட்டை வியாபாரத்தை எழுதிப் பாத்தாதான் புரியும். முட்டை ஒண்ணை மால்டாவுல 7 சென்ட்டுக்கு வாங்கி மெஸ்ஸுக்கு 5-க்கு விக்கிறான், ஆனாலும் லாபம். சிசிலியில 1 சென்ட்டுக்கு வாங்கி மால்டாவுல நாலேகாலுக்கு வித்தா மூணேகால் லாபம். அதையே 7-க்குத் திரும்ப வாங்கறப்ப, அங்க விக்கிறவனும் இவன்தான், இன்னொரு ரெண்டேமுக்கால். ஆக 6. மெஸ்ஸுக்கு விக்கிறதுல 2 போனா 4 மிச்சம். நம்மூர் மாங்கா மண்டித் தரகரே கையெடுத்துக் கும்பிடுவார்!

கேஆர்பி கரை:
சரிங்க, பென்சிலோட முதல்ல இருந்து போறேன். பஸ்லயே முழுசும் ஓட்டிடலாமா?

தொப்பூர் கணவாய்:
38 வரைக்கும் ஓட்டலாம். 39 வேண்டாம், ரோம் நகரத்துல ஒரு ராத்திரி அது. சிரிப்பெல்லாம் அதுக்கு முன்னாடியே. அதை வீட்டுல படிங்க, 41, 42-ஐயும் நிறுத்தாம ஒண்ணாப் படிச்சிடுங்க.