மறு: டிஸ்ட்ராக்டருக்குத் தமிழ் – 'தூண்டில்விடை'

வணக்கம்.

> பல்தேர்வு வினாவில் வரும் பிழையான தெரிவுக்குக் 'கவனச்சிதறி' எப்படி?

சொல் அழகு, பொருள்தான் உதைக்கிறது. பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கத்தான் அந்தத் தெரிவு என்றால் வினாவே கெட்ட வினா.

போன கிழமை திருகோணமலையில் என் உயர்தரக் கணினி வகுப்பில் கேட்டது இது: க = 3, பிறகு ச = க, பிறகு க = 7. இப்போது ச எத்தனை? விடை 3: நிரலில் '=' என்றால் வலப்பக்கத்தில் அந்த நேரம் இருக்கிற பெறுமதியை எடுத்துவை என்பதுதான். பலர் 7க்குப் புள்ளடி போட்டார்கள், அதுவும் நன்றாக யோசித்து. "ரெண்டும் சமன்தானே சேர், ஒன்று மாறினால் மற்றதும் மாறவேணும்" என்றாள் ஒருத்தி. கணிதத்தின் சமக்குறியை அப்படியே பைதன் நிரல்மொழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்த 7ஐ நான் வைத்திராவிட்டால் எண்ணக்கரு எங்கே பிசகியது என்று தெரிந்தே இராது.

1992இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஹெஸ்டனசும் கூட்டாளிகளும் பௌதிகவியலில் விசை பற்றிய எண்ணக்கருச் சோதனையைச் செய்தபோது, பிழையான தெரிவுகளை மாணவர்களின் அன்றாட நம்பிக்கைகளில் இருந்தே எடுத்தார்கள். அறிமுகக் கணினிப் பாடத்துக்கும் வழி அதுதான்: எது முக்கியம், எது கடினம் என்று முதலில் பொறுக்கவேண்டும், அப்புறம் பிள்ளைகள் எப்படிப் பிழைவிடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

'இரைவிடை' என்று வைக்கலாம் என்று முன்மொழிந்த ஐயாவோடு முக்கால்வாசி உடன்படுகிறேன். இங்கே கரையில் நிற்பவரைக் கேளுங்கள், பாரைக்கு ஒரு இரை, கணவாய்க்கு வேறு என்பார். ஒவ்வொரு பிழைக்கும் அதற்கென்றே ஒரு தெரிவு. ஆனால் தட்டச்சில் ஒரு எழுத்துப் பிசகினால் 'இறைவிடை' ஆகிவிடும். கடவுளே வந்து விடை சொன்னது மாதிரி!

ஆகவே 'தூண்டில்விடை'. வேட்டை வாடை அடிக்கிறது என்பீர்கள், கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தச் சொல் குட்டியும் போடும். நூற்றுக்கு 5 பேர்கூடத் தொடாத தெரிவு வேலைசெய்யவில்லை என்பது பரீட்சை ஆய்வாளர்களின் வழமையான கணக்கு. அதற்குக் 'கொத்தாத் தூண்டில்' என்று சொல்லலாமே. உயர்தரக் கணினிப் பாடத்தின் பல்தேர்வுத் தாளில் 50 வினா, வினாவுக்கு 5 தெரிவு. சரியான விடைகளைக் கழித்தால் 200 தூண்டில். எத்தனையில் மீன் கொத்துகிறது என்று எண்ணிப் பார்த்தால் வினா எழுதும் எங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

புணர்ச்சியில் 'ல்' திரியாது, சேர்த்தே எழுதலாம். மறுப்பிருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அகராதி வரைவில் சேர்க்கவேண்டும்.