40 அடி அருவியில் கயிறு கட்டி இறங்க எவ்வளவு தயாரிப்பு வேண்டும்?

மலைக்காற்று:
ஏற்காட்டிலிருந்து கீழே போகும் ஓர் ஓடையில் கேன்யனிங் (ஓடை வழியே அருவிகளில் கயிறு கட்டி இறங்கிப் போவது) செய்ய ஐந்து பேர் தயாராக இருக்கிறோம். மூன்று அருவிகள், பெரியது 40 அடி. ஓடைகளின் கடினத்தைச் சொல்லும் பிரெஞ்சு தரவரிசைப்படி நானே கணக்குப் போட்டதில் வி3 ஏ2 வந்தது. இரண்டுமே 7 வரை போகும் அளவுகள், ஆக எங்களுடையது சுலபம்தான். காய்ந்த பாறையில் எல்லோரும் ராப்பெல்லிங், அதாவது கயிற்றில் இறங்குவது, செய்தவர்கள். வனத்துறை அனுமதி கிடைத்தால் அக்டோபர் கடைசியில் இறங்குகிறோம். அருவிக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்று சிலர் சொல்வது வீண் பயமுறுத்தல் என்றே நினைக்கிறேன்.

ஈரக்கயிறு:
தம்பி, மூன்றாவது எண்ணை விட்டுவிட்டீர்கள். வி என்பது இறக்கம், ஏ என்பது தண்ணீர். அதற்கு அப்புறம் ரோமன் எண்ணில் 6 வரை ஒன்று வரும். வெள்ளம் வந்தால் எட்டாத உயரத்துக்கு ஏற எவ்வளவு நேரமாகும் என்பதை அதுதான் சொல்லும். 2 என்றால் கால் மணிக்குள், 3 என்றால் அரை மணிக்குள். முதல் அருவியில் இறங்கிக் கயிற்றை உருவிய பிறகு வந்த வழியில் திரும்ப முடியாது. பக்கவாட்டில் ஏற எங்கெங்கே வழி இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்த எண்களெல்லாம் சாதாரண நீரோட்டத்துக்குப் போடுபவை, மழைக்கால ஓடைக்குப் பொருந்தாது.

மலைக்காற்று:
சேலத்தில் நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவோம். மற்றபடி பாறை ஈரமானால் என்ன, கயிற்றில் இறங்க அதே கருவி, அதே முடிச்சுதானே அண்ணா?

காப்பித்தோட்டம்:
சேலத்து வெயிலை நம்பாதீர்கள். அஸ்தம்பட்டியில் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது மேலே சேர்வராயன் கோயில் பக்கம் கொட்டித் தீர்க்கும். நான் ஓடைக்கரையில் வளர்ந்தவன். ஒருநாள் கணுக்கால் தண்ணீரில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், எங்கள் தலைக்கு மேல் ஒரு தூறல்கூட இல்லை. முதலில் சருகு கூட்டமாக மிதந்து வந்தது, உடனே தண்ணீர் கலங்கியது, மாட்டைக் கரையேற்றுவதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குக் கரை இருந்தது. நீங்கள் போகிற இடத்தில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர். அக்டோபர் கடைசி வடகிழக்குப் பருவமழை வேறு.

ஈரக்கயிறு:
1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் சாக்செட்டன் ஓடையில் நடந்ததும் இதுதான். மேலே இடிமழை, கீழே கேன்யனிங் குழுக்கள். 21 பேர் இறந்தார்கள், வழிகாட்டிகளும் அதில் உண்டு.

முடிச்சுக்கு வருகிறேன். காய்ந்த பாறையில் கயிற்று நுனியில் முடிச்சுப் போடச் சொல்லித் தந்திருப்பார்கள், உருவிக்கொண்டு விழக்கூடாதென்று. அருவி விழும் மடுவில் அதே முடிச்சு கருவியில் மாட்டினால் ஓட்டம் உங்களை அமுக்கிவிடும். அங்கே கயிறு தண்ணீர் மட்டத்தோடு நிற்க வேண்டும், நுனியில் முடிச்சே கூடாது. பாதியில் சட்டை கருவியில் சிக்கிக்கொண்டால் காய்ந்த பாறையில் தொங்கிக்கொண்டு யோசிக்கலாம், அருவிக்குள் மூச்சுவிட முடியாது. மேலே இருப்பவர் உடனே கயிற்றைத் தளர்த்தி இறக்கிவிடும்படி முதலிலேயே கட்டியிருக்க வேண்டும். அருவி இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது, எத்தனை விசிலுக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைத்திருக்க வேண்டும்.

மலைக்காற்று:
முடிச்சு விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் தெரிந்த பிறகுதான் ஓடையில் கால் வைக்க வேண்டும் என்றால் நம் ஊரில் யாரும் தொடங்கவே முடியாது.

ஈரக்கயிறு:
தொடங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் அந்த ஓடையைக் கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். மடுவின் ஆழத்தைக் கம்பு விட்டு அளந்து பாருங்கள், ஏறும் வழிகளைக் குறித்து வையுங்கள். தண்ணீரில் இறங்கிப் பழகிய ஒருவரோடு பத்துப் பதினைந்து அடி அருவியில் கயிற்றைத் தளர்த்தப் பழகுங்கள்.

மலைக்காற்று:
பிப்ரவரியில் தண்ணீர் வற்றியிருக்கும். நடந்து பார்க்க அது சரி, பழகுவதற்கு ஜனவரிதான் என்று இன்னும் சொல்வேன். அக்டோபரை விட்டுவிடுகிறோம்.

காப்பித்தோட்டம்:
ஜனவரி என்றால் நானும் வருகிறேன். ஓடையின் தலைப்பகுதியில் விசிலோடு ஓர் ஆள் நின்றாலும் உங்கள் காதுக்கு எட்டாது. அதனால் கிளம்பும் முன்னால் மேலே ஏறித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.