வரவேற்பறையில் வைத்த ஃபிடில் லீஃப் ஃபிக் இலைகளை உதிர்க்கிறது: காரணம் என்ன?

வேளச்சேரி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை மூலையில், ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள ஃபிடில் லீஃப் ஃபிக் செடி ஒன்றை வைத்திருக்கிறோம். நர்சரியிலிருந்து வந்தபோது அடிமுதல் நுனிவரை இலை அடர்ந்திருந்தது. இப்போது கீழ் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தண்டில் பாதி வெறுமையாகிவிட்டது. உதிர்வதற்கு முன் இலையின் நடுவிலும் நரம்பை ஒட்டியும் கரும்பழுப்புத் திட்டுகள் பரவுகின்றன. வேறு சில இலைகளிலோ ஓரம் மட்டும் காய்ந்து மொறுமொறுப்பாகிறது. இரவில் அறையில் ஏசி ஓடும். காலைதோறும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். வீட்டிலுள்ள ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீர்தான் எல்லாச் செடிகளுக்கும் போகிறது. தண்ணீர் போதவில்லையா, மிகுந்துவிட்டதா, அல்லது இது நோயா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மாடித்தோட்டம்:

வணக்கம் சகோதரி. கீழ் இலைகளில் தொடங்கி நடுப்பகுதிக்குப் பரவும் கரும்பழுப்புத் திட்டு, பெரும்பாலும் வேர் அழுகலின் அடையாளம். தண்ணீர் போதாத செடியில் காய்ச்சல் ஓரத்தில் தொடங்கும், நிறமும் வெளிறியிருக்கும். உங்கள் செடியில் இரண்டும் தெரிவதால், ஊகத்தை விட்டுவிட்டுச் செடியைத் தொட்டியிலிருந்து மெல்லச் சாய்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். புளித்த வாடையும் அடிக்கும்.

அப்படியிருந்தால் கெட்ட வேர்களைச் சுத்தமான கத்தரியால் நீக்கிவிட்டு, மண்ணை முழுவதுமாக மாற்றுங்கள். பல நர்சரிகள் தென்னை நார்த்தூளை நிறையச் சேர்த்தே செடியை விற்கின்றன. வெயிலில் நிற்கும்வரை அது கெடுதல் செய்யாது, வீட்டுக்குள் வந்ததும் பல நாள் ஈரம் காயாது. செம்மண், மண்புழு உரம், பெர்லைட் எனப்படும் இலேசான வெண்ணிறத் துகள்கள், சிறு தேங்காய்மட்டைத் துண்டுகள் கலந்த, நீர் தேங்காத கலவை போதுமானது. வேர்ப்பந்தைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான தொட்டி வேண்டாம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நனைந்தே கிடக்கும். அழகுக்காக வைக்கும் துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். புதிய இலை வரும்வரை உரம் எதுவும் இடாதீர்கள்.

வேளச்சேரி வாசகி:

மிக்க நன்றி ஐயா. எடுத்துப் பார்த்ததில் அடிப்பகுதி வேர்கள் நீங்கள் சொன்னபடியே உருவிக்கொண்டு வருகின்றன. மேற்பகுதி வேர்கள் உறுதியாக இருக்கின்றன. மண்ணின் மேலே வெண்மையான பொருக்கும் படிந்திருக்கிறது. மண்ணை மாற்றிய பிறகு அதே மூலையில் வைக்கலாமா? அருகில் கிழக்குப் பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது.

கானகன்:

அந்த மூலைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள் என்பதே என் கருத்து. மண்ணைப் பற்றி முன்னவர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் எந்த மண்ணும் உரிய நேரத்தில் காயாது. சியரா லியோன் முதல் கேமரூன் வரையிலான மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நில மழைக்காடுகள்தாம் இதன் தாயகம். ஆலும் அரசும் சேர்ந்த அதே ஃபைகஸ் பேரினம். ஆலைப் போலவே சில சமயம் வேறொரு மரத்தின் மேல் முளைத்து, வேரைத் தரைக்கு இறக்கி, நாற்பதடிக்கு மேலும் வளரக்கூடிய மரம். அதை நிழற்செடி என்று விற்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. மனிதர் நாளிதழ் படிக்கப் போதுமான வெளிச்சம் இதற்குப் போதாது. இலை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வானம் தெரிய வேண்டும்.

கிழக்குச் சன்னலை ஒட்டி வையுங்கள். காலை வெயில் இலைமேல் பட்டால் நல்லதே. ஆனால் நிழலில் பழகிய இலையைச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் நிறுத்தினால் வெந்துவிடும் என்பதால், சன்னலை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஏசிக் காற்று நேராக இலையில் மோதக் கூடாது. இடம் மாறியதும் ஓரிரு இலைகள் உதிர்வது இந்த இனத்துக்கு இயல்பு. அதற்காக மறுபடியும் இடம் மாற்றாதீர்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இந்த இடைவெளி தானாகவே நீளும். ஆர்ஓ கழிவுநீரை இதற்கு ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. மண்மேல் படிந்த வெண்பொருக்கு அந்த உப்புதான்; இலை ஓரம் காய்வதற்கும் அது காரணமாக இருக்கலாம். மழைநீர் கிடைத்தால் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பசுமை நேசன்:

ஒரு சிறு சேர்க்கை. வெறுமையான தண்டில் இலைகள் தாமாகத் திரும்புவது அரிது. செடி தேறிப் புதிய இலைகள் விட்டபின், மாசி, பங்குனியில் நுனியை வெட்டினால் வெட்டுக்குக் கீழே கிளைக்கும். வெட்டுவாயில் வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும், துணியில் கறையும் படியும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். நாயோ பூனையோ இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அகன்ற இலைகளில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைக்கும்போதே இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி, செதில்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

சன்னலோரம் கொடுக்க இயலாது என்றால், ரப்பர் செடி எனப்படும் ஃபைகஸ் எலாஸ்டிகாவை வளர்ப்பதே மேல். மேகாலயத்துக் காசி மக்கள் உயிருள்ள வேர்ப்பாலங்கள் அமைப்பது அந்த மரத்தின் வேர்களைக் கொண்டுதான். அதற்கும் வெளிச்சம் வேண்டும். ஆயினும் மங்கலான அறையை ஃபிடிலைவிட நன்றாகத் தாங்கும்.

வேளச்சேரி வாசகி:

அனைவருக்கும் நன்றி. மண்ணை மாற்றிச் சன்னல் பக்கம் நகர்த்துகிறோம். ஆர்ஓ கழிவுநீர் இனி தரை துடைக்க மட்டுமே. மூலைக்கு ரப்பர் செடி வருமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்கிறோம்.