கிளினிக்குக்குப் பிந்தி வரும் கர்ப்பிணிகள்: யார் பிழை?

ஊவாக்காரன்:
இலங்கையில் பிள்ளை தங்கி எட்டு வாரத்துக்குள் மிட்வைஃபிடம் பதியச் சொல்கிறார்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் மூன்று மாதம் முடியும்வரை பக்கத்துக் காம்பிராவுக்குக்கூடத் (லயத்து வீட்டு அறைக்குக்கூடத்) தெரியக் கூடாது, கண்ணூறு பட்டுவிடுமாம். அப்புறம் உடம்பில் இரத்தம் போதாது என்று அழுகை. கிளினிக், ஊசி, மாத்திரை, திரிபோஷ சத்துமா எல்லாம் இலவசம். இதற்குமேல் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்?

கொழுந்துக்காரி மகள்:
இலவசமா? டவுன் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. போக வர ஆட்டோக் காசு வேறு. திரிபோஷ பைக்கற் லயத்துக்கு வந்தால் மூத்த பிள்ளைகளும் கை நீட்டும், தாய்க்கு மிஞ்சுவது அடிப்பொடிதான்.

ஊவாக்காரன்:
சரி, பிரசவத்துக்கு மட்டும் எப்படிப் போகிறார்கள்? இலங்கையில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். பாதை அப்போதும் இதே பாதைதானே?

கொழுந்துக்காரி மகள்:
வலி வந்தால் 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடலாம், தோட்ட லொறியாவது வரும். பேரைப் பற்றிய கவலையும் இல்லை, சம்பளத்தோடு லீவு இருக்கிறது. 2018இல் பிரசவ லீவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு மூன்றாம் பிள்ளைக்கும் 84 நாள். முன்பு 42தான். மாதாந்தக் கிளினிக்குக்கு எந்த லொறி வருகிறது?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மூன்று மாதம் மறைப்பதில் உண்மையான நட்டம் உண்டு. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் உருவாகும் குழாய், பிள்ளை தங்கி முதல் நாலு வாரத்திலேயே மூடிவிடும். ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும், மூன்றாம் மாதம் கொடுத்து அந்தக் குறையைத் தடுக்க முடியாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதும் பெரிய தொல்லை, தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. ஆனால் பிந்தி வந்தவளை எல்லார் முன்னாலும் சிங்களத்தில் ஏசி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் அடுத்த மாதம் வருவாளா?

கொழுந்துக்காரி மகள்:
அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன். கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போடட்டும், தமிழ் தெரிந்தவரை உட்கார வைக்கட்டும்.

ஊவாக்காரன்:
ஏசினது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். முழுப் பேர் போட்டாலும் கண்ணூறுக்குப் பயந்து மறைக்கத்தான் செய்வார்கள்.

கொழுந்துக்காரி மகள்:
முதலில் ஒரு வருசம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணா.